ஏட்டைப் பிரிக்கலாமா?

நம்மவர் வீடுகளில் ஒரு நல்ல வழக்கம் வளர்ந்து வருகிறது. வரவேற்பறையில் சுவாமிப் படத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு பன்னத்தின் படமோ, கடற்பாசியின் படமோ, ஏதோ ஒரு பூவின் பழைய நிழற்படமோ பிரேம் போட்டுத் தொங்குகிறது. முன்பு கண்ணாடிக் கோப்பைகள் இருந்த அலுமாரித் தட்டில் பெரிய பெரிய சித்திரப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. "இதற்கெல்லாம் ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஒரு செடியை உற்றுப் பார்க்கப் பழகிய கண்ணுக்குக் கோயிலில் கட்டிய மாலையும் வேறாகத் தெரியும். ஆகவே அந்தக் கேள்வியை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கேட்க விரும்புவது வேறொன்று.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

பழைய படங்கள் விற்கும் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் ஒவ்வொன்றாக விலைக்குக் கிடைக்கும் தாவரப் படங்களிற் பல, தனிப் படங்களாகப் பிறந்தவை அல்ல. ஒரு நூலின் உள்ளே, இந்தப் பக்கத்துக்குப் பின் இந்தப் பக்கம் என்ற ஒழுங்கில் இருந்தவை. யாரோ ஒருவர் கட்டை அவிழ்த்து, கத்தியால் அறுத்து எடுத்த பின்னரே அவை சுவருக்கு வருகின்றன. நூலை வாங்கியவர் அதற்கு உரிமையாளர். அவர் அதை அறுத்தாலும் எரித்தாலும் சட்டம் தடுக்காது. சட்டம் தடுக்காததை அறம் தடுக்குமா என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

இதைப் பொதுவாகப் பேசுவதை விட ஒரு நூலை எடுத்துப் பார்ப்போம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1799இல் பிறந்தவர் அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி. தந்தையார் விஞ்ஞானி; அவர் மொழிபெயர்த்த சிப்பிகள் பற்றிய நூலுக்குப் படங்கள் வரைந்து கொடுத்தவர் இந்த மகள்தான். 1842இல் வானியல் அறிஞர் ஜோன் ஹேர்ஷல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். இரண்டு இரும்பு உப்புக்களைக் கரைத்துக் கடதாசியிற் பூசி, காய்ந்தபின் அதன்மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாகும். பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். சயனோடைப் என்பது அதன் பெயர். கட்டட வரைபடங்களை 'புளூ பிரிண்ட்' என்று நம் மூத்த பொறியியலாளர்கள் அழைப்பதும் இம்முறையில் பிறந்ததே. நிழற்படம் என்ற தமிழ்ச் சொல், கமராவில் எடுத்த படத்தை விட இதற்குத்தான் முழுமையாகப் பொருந்தும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அட்கின்ஸ் அம்மையார் பிரித்தானியக் கடற்பாசிகளை ஒவ்வொன்றாகக் கடதாசியில் வைத்து இவ்வாறு நிழல் எடுத்தார். பெயர்களையும் தம் கைப்பட எழுதி அதே நீலத்தில் பதித்தார். முதற் பகுதி 1843இல் வெளிவந்தது. 1853 வரை, பத்து ஆண்டுகள், பகுதி பகுதியாகத் தொடர்ந்தது. நிழற்படங்களால் ஆன முதல் நூல் என்று அறிஞர் இதனைக் கொள்வர். விற்பனைக்காக அவர் இதைச் செய்யவில்லை. நண்பர்களுக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர்களே பகுதிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். ஆதலால் ஒரு பிரதி போல் இன்னொரு பிரதி இல்லை. நெகட்டிவ் என்று ஒன்றும் கிடையாது. கடலில் எடுத்த அந்தப் பாசியே கடதாசியின்மேல் கிடந்து விட்டுச் சென்ற சுவடு அது. தம் முழுப் பெயரைக்கூட அவர் போடவில்லை. இரண்டு முதலெழுத்துக்களோடு நிறுத்திக்கொண்டார். பிற்காலத்தில் ஒருவர் அவ்வெழுத்துக்களுக்குப் 'பெயர் கூறாத ஓர் ஆர்வலர்' என்று பொருள் கொண்டாராம்.

பின்னர் தோழி ஆன் டிக்சனுடன் சேர்ந்து பன்னங்களுக்கும் பூக்கும் செடிகளுக்கும் இதே முறையில் தொகுப்புக்கள் செய்தார். 1853ஆம் ஆண்டின் பன்னத் தொகுப்பு இன்று அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்தில் முழுமையாக இருக்கிறது. 1854ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அது பிரிக்கப்பட்டு, தாள் தாளாகப் பல அருங்காட்சியகங்களிலும் தனியார் கைகளிலும் இருக்கிறது. இரண்டு பெண்கள் சேர்ந்து வரிசைப்படுத்திய அந்த வரிசையை இனி எந்த அருங்காட்சியகமும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடியாது.

ஏன் பிரிக்கிறார்கள்? கணக்குச் சுலபம். முழு நூலை வாங்கக்கூடியவர் சிலர். ஒரு தாளை வாங்கக்கூடியவர் பலர். தாள்களின் விலையைக் கூட்டினால் நூலின் விலையை மிஞ்சிவிடும். ஒரு தாள் குறைந்த நூலுக்கு மதிப்புக் குறைவு. ஆகவே ஒன்றை எடுத்தவர் மிச்சத்தையும் எடுத்துவிடத் தூண்டப்படுகிறார்.

பிரிப்பவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பூட்டிய அலுமாரிக்குள் யாரும் திறவாத நூலால் யாருக்கு என்ன பயன்? நூறு வீட்டுச் சுவர்களில் நூறு தாள்கள் தொங்கினால் நூறு வீட்டுப் பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள் அல்லவா? பணக்காரர் ஒருவர் மட்டும் அனுபவிக்கும் அழகைப் பங்கிட்டுக் கொடுப்பது அன்னதானம் போன்றதுதானே? இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு செவிலியரோ பேருந்துச் சாரதியோ மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓர் உண்மையான பழைய தாளை வாங்கி வீட்டில் மாட்டும்போது அடையும் மகிழ்ச்சியைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

ஆனால் அந்தத் தாளுக்குச் சுவரில் என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும். சயனோடைப் நீலம் வெளிச்சத்தில் வெளிறும். யன்னலுக்கு எதிரே தொங்கவிட்டால் சில காலத்திலேயே வித்தியாசம் தெரியும். அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களை மங்கிய வெளிச்சத்தில் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு உள்ளே எடுத்து வைத்துவிடுகின்றன. வியப்பான செய்தி என்னவென்றால், வெளிறிய சயனோடைப்பை இருட்டில் வைத்தால் இழந்த நீலத்தில் ஒரு பகுதி மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. மூடிய நூல் என்பது இந்தப் படங்களுக்குச் சிறை அல்ல, ஓய்வு. கருவறைக் கதவு நாள் முழுவதும் திறந்தே இருப்பதில்லை. அதனால் யாரும் சுவாமியை நம்மிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று நாம் முறைப்படுவதில்லை. எப்போதும் கண்முன் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தப் பொருளைக் கொல்கிறது என்றால், பங்கிட்டுக் கொடுத்தோம் என்று சொல்வது எப்படி?

எல்லா நூலும் ஒரே தராசில் நிற்பவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஜேர்மனியின் கார்ல் புளோஸ்ஃபெல்ட் பேர்லினில் கலைக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். செடிகளின் மொட்டு, தண்டு, சுருள் ஆகியவற்றைத் தாமே செய்த கமராவால் பல மடங்கு பெரிதாக்கி எடுத்தார். மாணவர்களுக்குப் பாடம் சொல்லவே அவற்றை எடுத்தார். கலைஞன் என்ற பெயருக்காக அல்ல. 1928இல் அவை 'கலையின் ஆதி வடிவங்கள்' என்ற பெயரில் 120 படங்களோடு நூலாக வந்தபோது அறுபதைக் கடந்த ஆசிரியர் ஒரே நாளில் புகழ்பெற்றார். அந்த நூலும் இன்று பிரிக்கப்பட்டு விற்கப்படுகிறது. அது அச்சு இயந்திரத்தில் பல பிரதிகள் வந்த நூல். அட்கின்ஸ் அம்மையாரின் கைவேலையைப் போல் ஒன்றுக்கொன்று மாறுபட்டதல்ல. எனவே ஒரு பிரதியைப் பிரித்தால் இழப்புச் சிறிது. ஆனாலும் ஒரு சுருண்ட பன்னத் தளிருக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து, பார்வையைப் படிப்படியாகப் பழக்கிய ஆசிரியரின் பாடம் அங்கே குலைகிறது. தனியே தொங்கும் தளிர் அழகாக இருக்கும். அது பாடமாக இராது. இதில் நம் தீர்ப்புக் கொஞ்சம் இளகியதே, முன்னதில் இளகாது.

இன்னொரு வகையும் உண்டு. வெள்ளத்திலும் பூச்சியாலும் ஏற்கெனவே குலைந்துபோன நூல். இலண்டனில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஜோன் பாக்ஃபோர்ட் என்பவர் செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து புத்தக வணிகத்துக்கு வந்தவர். நூல்களின் முகப்புத் தாள்களையும் துண்டுகளையும் மலைபோற் சேர்த்தார். நூல்களைப் பாழாக்கிய பாவி என்று 1880இல் வில்லியம் பிளேட்ஸ் அவரை ஏசினார். பின்வந்த ஆய்வாளரோ, அவர் சேர்த்தவை பெரும்பாலும் கழிவாகக் கிடந்த தாள்களே என்று அவருக்காகப் பேசினர். அவர் எடுத்து வைக்காவிட்டால் அவற்றுட் பல இன்று இரா. சிதறியதைப் பொறுக்குவதும் சேர்ந்திருப்பதைச் சிதறடிப்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் கையில் ஒரே தாள்தான் மிஞ்சும் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாமற் போகிறது.

நமக்கு இந்த விடயத்தில் மற்றவர்களை விடக் கூடுதல் உணர்ச்சி இருக்க நியாயம் உண்டு. புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எவரும் கத்தி எடுத்து அறுத்ததாக நாம் சொல்ல வரவில்லை. செல்லும் காலமும் கவனக்குறைவும் போதுமானவையாக இருந்தன. ஏடு தொலைந்தால் எது தொலைகிறது என்பதை வெற்றிடமாகவே அச்சிட்டுப் படித்து வரும் சமூகம் நாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச் சுவடிகளோடும் எரிந்ததை நேரில் கண்டவர்கள் நம் ஆலயத்துக்கு வருபவர்களிலும் இருக்கலாம். அந்தத் தீயையும் ஒரு வியாபாரியின் கத்தியையும் நாம் ஒப்பிடவில்லை. ஒன்று வெறுப்பினால் நடந்தது. மற்றது விருப்பத்தினால் நடப்பது. விருப்பத்தினால் நடப்பதால்தான் அது நம் வீட்டுக்குள் சுலபமாக நுழைந்துவிடுகிறது.

தென்னிந்தியச் செடிகளின் பழைய படங்களை வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ரொபர்ட் வைட் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றியபோது, 1838 முதல் 1853 வரை, இந்தியத் தாவரங்களைப் பற்றி ஆறு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. மூலச் சித்திரங்களை வரைந்த முக்கியமான இருவர் ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். பல படங்களின் அடி மூலையில் வரைந்தவரின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்தத் தாளை நூலிலிருந்து அறுத்துப் பிரேம் போடும்போது முதலில் அட்டைக்குக் கீழே மறைவது அந்த மூலைதான். செடி எந்த மலையில் வளர்ந்தது என்று சொல்லும் எழுத்துப் பக்கமோ நூலோடு போய்விடுகிறது. மிஞ்சுவது பச்சைச் சுவருக்குப் பொருத்தமான ஓர் அலங்காரம்.

"சேர்ப்பதே பற்று, அதில் முறையாகச் சேர்த்தால் என்ன, முறையின்றிச் சேர்த்தால் என்ன?" என்று ஒரு சைவ அன்பர் கேட்கலாம். கோயில் நகைகளுக்குத் தர்மகர்த்தா இருக்கிறார். பூட்டும் திறப்பும் அவரிடம். ஆனால் மாலையில் ஒரு மணியைக் கழற்றிக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. முழு நூலை வைத்திருப்பவரை நாம் அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம். அவர் காசு கொடுத்து வாங்கியது உண்மை. எனினும் அவருக்கு முன்னே நூற்றைம்பது ஆண்டுகள் அதைக் காத்தவர்கள் அவருக்காகவும்தான் காத்தார்கள். அவர்கள் பிரித்திருந்தால் அவருக்கு வாங்குவதற்கு ஒன்றும் இருந்திராது.

இது விலையுயர்ந்த நூல்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. ஊர்க் கோயில்களின் கும்பாபிஷேக மலர்களைப் பாருங்கள். பாட்டனாரின் படம் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொள்கிறோம். பின்பக்கத்தில் யாருடைய பாட்டனாரின் படம் இருந்தது என்று திருப்பிப் பார்ப்பதில்லை. இன்று தெருமுனைக் கடையிலேயே பிரதி எடுக்கலாம். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை.

படத்துக்கும் அப்படியே. அட்கின்ஸ் அம்மையாரின் கடற்பாசி நூலை நியூ யோர்க் பொது நூலகம் முழுவதுமாகப் படமெடுத்து எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நல்ல கடதாசியில் அதை அச்சிட்டு மாட்டினால் யன்னல் வெயிலைப் பற்றிய கவலையும் இல்லை. உண்மையான பழைய தாளே வேண்டும் என்பவர் விற்பவரிடம் எந்த நூல், எப்போது பிரிந்தது, ஏற்கெனவே குலைந்திருந்ததா என்று கேட்கட்டும். பதில் சொல்லத் தெரியாத கடையில் பணப்பையை மூடிக்கொள்வதே நல்லது. முழு நூல்கள் வைத்திருப்போர், தமக்குப் பின் அவை யாரிடம் போகவேண்டும் என்பதை நகைகளோடு சேர்த்து உயிலில் எழுதி வைக்கலாம். பிள்ளைகள் அவசரத்தில் வீட்டை ஒதுக்கும்போது முதலில் வெளியே போவது புத்தகப் பெட்டிகள்தான். அவற்றை முதலில் விலை பேச வருபவர் கத்தியுடன் வருபவராகவும் இருக்கலாம்.

ஏற்கெனவே சுவரில் தொங்கும் தாளை என்ன செய்வது? கழற்றி எறிவதால் நூல் மீண்டும் ஒன்றாகப் போவதில்லை. வெயில் படாத சுவருக்கு மாற்றலாம். ஆண்டில் சில மாதம் பெட்டியில் வைக்கலாம். நூலின் பெயரும் பக்க எண்ணும் வாங்கிய ஆண்டும் தெரிந்தால் தாளில் எழுதாமல், பிரேமின் பின்பலகையில் பென்சிலால் எழுதி வையுங்கள். அடி மூலையில் ஒரு பெயர் இருந்தால் அதை மறைக்கும் அட்டையைக் கொஞ்சம் வெட்டித் திறக்கச் சொல்லுங்கள்.