ஒரே ரிக்கற்றில் கோயிலும் கடலும்

"கோயிலுக்குப் போறதெண்டால் கோயிலுக்குப் போகவேணும். கடல் குளிக்கிறதெண்டால் அதுக்குப் போகவேணும். ரெண்டையும் ஒரு ரிக்கற்றுக்குள்ளை அடைச்சால் சாமிக்கும் இல்லை, பூதத்துக்கும் இல்லை, ரீச்சர்."

எங்கள் ஊர் வாசிகசாலையில் மூத்தவர் ஒருவர் இப்படிச் சொன்னபோது அவர் கையில் சுற்றுலா அறிவித்தல் இருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில், காரைநகர் ஈழத்துச் சிதம்பரம், பின்னேரம் கசூரினா கடற்கரை. ஒரு நாள், ஒரு சொகுசு பஸ், மதியம் கோயில் அன்னதானம். சைவசமயம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் வழியெல்லாம் தல வரலாறு சொல்லும் பொறுப்பு எனக்கு.

ஐயாவின் சொல்லை வயசாளியின் முணுமுணுப்பு என்று தள்ளிவிட முடியாது. அவர் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போனவர். முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை, பிறகு குமண, யால காடு. ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும் நடை. அப்படி நடந்து கொடியேற்றம் பார்த்த ஒருவருக்கு, குளிரூட்டிய பஸ்ஸில் ஏறி மூன்று இடத்தில் இறங்கி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதை யாத்திரை என்று சொன்னால் நெஞ்சு ஒப்பாதுதானே.

ஆனால் வாகனத்தில் குற்றமில்லை. திருநாவுக்கரசர் எண்பத்தொரு வயதுவரை நடந்தே தலங்களைக் கும்பிட்டவர். அதே காலத்தில் வாழ்ந்த சம்பந்தருக்கோ, பிள்ளையின் பாதம் நோகக்கூடாதென்று திருநெல்வாயில் அரத்துறையில் சிவபெருமானே முத்துச் சிவிகை கொடுத்தார். பிறகு திருப்பூந்துருத்தியில் அந்தச் சிவிகையைச் சுமந்தவர்களோடு நாவுக்கரசரும் ஒருவராக நின்று தோள் கொடுத்தார். ஏறி வந்தவரும் சுமந்து வந்தவரும் நமக்கு ஒரே வரிசையில் நிற்கும் நாயன்மார்கள். எங்கள் கோணேசர் கோயிலுக்கும் கேதீச்சரத்துக்கும் சம்பந்தர் பாடிய பதிகங்களை அவர் இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. கடலைத் தாண்டாமலே பாடிய பாட்டைத்தான் நாங்கள் இன்றைக்கும் அந்தச் சந்நிதிகளில் ஓதுகிறோம். களைப்பைக் கொண்டு பக்தியை அளக்கச் சைவத்தில் இடமில்லை.

ஐயாவின் உண்மையான கேள்வி வேறு. "அம்மனுக்கு முன்னாலை நிக்கேக்கை பிள்ளையளின்ரை மனம் கசூரினாவிலை நிக்கும். அப்ப அங்கை கும்பிட்டது ஆர்?" இதற்குத்தான் நான் பதில் தேட வேண்டியிருந்தது.

அவர் சொன்னது பாதி நடந்தது. பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு தாண்டி, குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறும்வரை பஸ்ஸில் எல்லாரும் நான் சொன்னதைக் கேட்டார்கள். மணிமேகலை காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று பலர் கொள்வதையும், வைகாசி விசாகத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வந்ததையும் சொன்னேன். ஓர் ஆசனத்துக்காக நாக அரசர் இருவர் பொருத, புத்தர் வந்து அந்தச் சண்டையை நிறுத்திய கதையை மணிமேகலையும் சொல்கிறது, மகாவம்சமும் சொல்கிறது. மகாவம்சத்தில் அவர்கள் மாமனும் மருமகனும். அதனால்தான் தெற்கிலிருந்து வெள்ளை உடுத்திய பெரும் கூட்டம் நாகவிகாரைக்கு வருகிறது. அம்மன் கோயிலும் விகாரையும் ஒரே கரையோரத்தில் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

சந்நிதியில் ஆனால் அவசரம். "அம்மா, கெதியாக் கும்பிடுங்கோ, படகு போயிடும்" என்று ஒரு மகன் தாயின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். தீபாராதனை நேரத்தில்கூட இரண்டு பேர் தொலைபேசியில் நேரம் பார்த்தார்கள். அம்மன் முன்னால் அன்று எங்கள் கூட்டம் முழுசாக நின்றது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகு அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, சூடான இரசம். அதுவரை மணி பார்த்தவர்கள் மணி பார்க்கவில்லை. பசியாறுவது உடம்பின் இன்பம். அதைக் கோயிலுக்குள்ளேயே வைத்திருக்கிறோம், காப்பியத்தின் பாத்திரத்துப் பேரையே அந்த மண்டபத்துக்கு இட்டிருக்கிறோம், அதைப் புண்ணியம் என்கிறோம். வயிறு குளிர்வது சமயத்துக்குள் வரும், தோல் குளிர்வது வராதா? இந்தக் கேள்வி எனக்குப் பந்தியில்தான் பிறந்தது.

திரும்ப யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டை வழியாகப் பொன்னாலைப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் களப்பு. மீன் பிடிக்க நட்ட தடிகளின் நுனிகளில் கொக்கும் நீர்க்காகமும் இருந்தன. ஈழத்துச் சிதம்பரத்தில் நடை திறந்த வேளை, கும்பிட்டோம், அங்கே நேரம் போதவில்லை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கசூரினாவைத் தெரியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. சவுக்கு மரங்களின் பேரே கரைக்குப் பேராகிவிட்டது. உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மெத்தை போல் கிடக்கும், அதைத் தாண்டினால் வெள்ளை மணல், பிறகு ஆழமே இல்லாத கடல். வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். நான் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் பஸ் பிடித்து வந்து நின்ற கரை. பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காரைநகர்ச் சனமே ஊரை விட்டுப் பெயர்ந்தது. கடற்படை முகாம், தடை, மீனவருக்கே கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த மண்ணில் கடலில் ஒருமுறைகூடக் கால் வைக்காமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் இந்தக் கரையில் பஸ்கள் வரிசை கட்டின. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இங்கே ஒருவர் சிரிப்பதை நான் பார்க்கிறேன்.

எங்கள் பஸ்ஸில் புன்னாலைக்கட்டுவனிலிருந்து வந்த ஆச்சி ஒருவர். செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். அவருக்குக் கடல் என்றால் கீரிமலை மட்டும்தான். மாமனாரின் அந்தியேட்டி, புருசனின் அந்தியேட்டி, வருசம் தவறாமல் ஆடி அமாவாசை. சாம்பல் கரைக்கவும் எள்ளும் தண்ணீரும் இறைக்கவும் போன இடமாகவே கடலை அவர் அறிந்திருந்தார். கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, இதிலை குளிச்சால் பிறகு வீட்டை போய் முழுகவேணுமோ?"

"உப்புப் போக மட்டும் ஆச்சி. தொடக்கு ஒண்டும் இல்லை."

அவர் முதலில் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார். பிறகு கிழக்கே பார்த்து மூன்று தரம் முங்கினார், தீர்த்தக்கரையில் செய்வதுபோல். அதோடு ஏறிவிடுவார் என்று துவாயை எடுத்துக்கொண்டு நான் அருகே போனேன். அவர் ஏறவில்லை. அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தார். சேலைக்குள் காற்றுப் புகுந்து அவரைச் சுற்றிப் பந்தாக எழும்பியது. இரண்டு கையாலும் அதைத் தட்டித் தட்டி அமர்த்தினார். ஒரு பக்கம் அமர்ந்தால் மறு பக்கம் எழும்பியது. ஒரு சின்ன அலை வந்து அவரை மெல்லத் தள்ளியது. ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் காலையில் விகாரைக்குப் போய்வந்த சிங்களக் குடும்பம் ஒன்று குளித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய பாட்டியும் ஆச்சியின் சேலையைப் பார்த்துச் சிரித்தார், தன் வெள்ளை உடுப்பும் அப்படித்தான் என்று தூக்கிக் காட்டினார்.

பொழுது சாய்ந்து சாரதி கோர்ண் அடித்த பிறகும் ஒருவரும் கரையேற மனமில்லாமல் நின்றார்கள். காலையில் அம்மனுக்கு முன்னால் பார்த்த மணிக்கூட்டை இங்கே மறந்துபோனார்கள்.

ஐயா இதைக் கேட்டால், "பாத்தீங்களே, நான் சொன்னது சரி, மனம் கடலிலைதான்" என்பார். அவருக்கு நான் திருவெம்பாவையை நினைவூட்ட விரும்புகிறேன். மார்கழிப் பத்து நாளும் விடிய முதல் சங்கும் சேமக்கலமுமாக எங்கள் ஒவ்வொரு கோயிலிலும் மாணிக்கவாசகரின் அந்த இருபது பாட்டையும் ஓதுகிறோம். அந்தப் பாட்டுகளில் என்ன நடக்கிறது? பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிறார்கள், பகிடி பண்ணுகிறார்கள், கூட்டமாகப் பொய்கைக்குப் போய்க் குடைந்து நீராடுகிறார்கள். வளை ஒலிக்கிறது, நீர் தெறிக்கிறது, அதற்குள்ளேயே சிவன் புகழ். நீராட்டை எடுத்துவிட்டால் திருவெம்பாவையில் மிச்சம் எவ்வளவு? நாங்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பண்ணோடு பாடுகிறோம், ஆனால் நம் வீட்டுப் பெண் உண்மையாகவே தண்ணீரில் இறங்கிச் சிரித்தால் அது சமயத்துக்கு வெளியே என்கிறோம்.

இன்னொன்று அதைவிட ஆழமாக என்னைத் தொடுவது. மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில் இருந்தன. அதன் முன்னால் நின்று சம்பந்தர் பதிகம் பாடினார். செத்த பிள்ளையைத் திருப்பி அழைக்க அவர் தத்துவம் எதையும் எடுக்கவில்லை. அடியாருக்குச் சோறிடுவது, கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லி, இவற்றைப் பாராமலா போய்விட்டாய் என்று கேட்டார். அந்தப் பட்டியலில் கடலாட்டும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உயிர் உடம்புக்குத் திரும்பி வருவதற்குப் போதுமான காரணம் என்று ஒரு ஞானக்குழந்தை எண்ணியவற்றில், சனத்தோடு சேர்ந்து கடலில் இறங்குவதும் ஒன்று. சாம்பல் கரைக்க மட்டும் கடலை அறிந்திருந்த ஆச்சி தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தபோது எனக்கு அந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது.

வல்லிபுரத்தில் புரட்டாதியில், ஆழ்வார் என்று நாங்கள் கும்பிடும் பெருமாளே கற்கோவளக் கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுகிறார். ஆயிரக்கணக்கான சனம் அவரோடு இறங்குகிறது. சிவனுக்குச் சொல்லும் எட்டு வடிவங்களில் நீரும் ஒன்று. இவ்வளவும் வைத்துக்கொண்டு கடலை இன்பத்தின் பக்கம், கோயிலைப் பக்தியின் பக்கம் என்று பிரித்தது எப்போதென்று எனக்கு விளங்கவில்லை.

அதற்காக எல்லாக் கும்மாளமும் வழிபாடு என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு அதே கரையில் வேறு சிலதும் பார்த்தேன். ஒரு கூட்டம் பெரிய ஒலிபெருக்கியை மணலில் வைத்துக் கரை முழுவதற்கும் தங்கள் பாட்டையே கேட்பித்தது. உடைந்த போத்தல் துண்டு ஒரு பிள்ளையின் குதிக்காலைக் கிழித்தது. கரையோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவரின் வலைக்கு மேலால் நாலைந்து பொடியள் ஓடினார்கள்; அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வலையைச் சுருட்டினார். அதுவும் இன்பம்தான், ஆச்சியினதும் இன்பம்தான். எங்கே வேறுபடுகின்றன?

சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும். பளிங்கு பக்கத்துப் பூவின் நிறத்தை வாங்குவதுபோல, எதனோடு சேர்கிறதோ அதன் தன்மையை எடுக்கும். ஆச்சி அந்த அரை மணித்தியாலம் கடலைச் சார்ந்திருந்தார். ஒலிபெருக்கிக்காரர் கடலுக்கு வந்தும் தம்மையே சார்ந்திருந்தார்கள். தாங்கள் காசு கொடுத்து வாங்கிய நாள், அதனால் கரையும் தங்களது என்று. ஆணவம் என்று நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தது இதைத்தான். இதே ஆணவம் கோயிலுக்குள்ளும் வரும். முன்வரிசைக்கு முட்டுகிறவரிடம், பிரசாதத்துக்கு முண்டுகிறவரிடம், தேர் வடத்தில் யாரெல்லாம் கை வைக்கலாம் என்று ஒரு காலத்தில் தீர்ப்புச் சொன்னவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே கேட்க வேண்டியது இடம் கோயிலா கடலா என்று அல்ல. அங்கே நின்ற உயிர் எதைச் சார்ந்து நின்றது என்பதைத்தான் ஐயாவும் கேட்டார், நானும் கேட்கிறேன்.

ஒரு விசயத்தில் ஐயா சொன்னதை முழுதாக ஏற்கிறேன். மனத்தைக் கடலில் விட்டுவிட்டு உடம்பை மட்டும் சந்நிதியில் நிறுத்தக்கூடாது. அதற்கு வழி கடலை வெட்டுவது இல்லை, ஒழுங்கை மாற்றுவது. நீராடிவிட்டுத்தான் கும்பிடப் போவது எங்கள் வழக்கம். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். கோயில்களை முதலில் வைத்து, ஆசையைப் பின்னேரம்வரை இழுத்து, அம்மனுக்கு முன்னால் சனத்தை அந்தரப்பட வைத்தோம்.

அடுத்த பயணத்துக்கு ஒழுங்கமைப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மார்கழியில் வாடைக்காற்றுக்கு அந்தக் கடல் முரடாக இருக்கும், ஆகவே பங்குனியில். விடியற்காலை நாலரைக்கு வெளிக்கிடுவது. வெளிக்கிற நேரம் கசூரினாவில் இறங்கி ஆறுதலாகக் குளிப்பது. ஒலிபெருக்கி இல்லை, ஆளுக்கொரு குப்பைப் பை. பிறகு ஈரத்தலையோடு ஈழத்துச் சிதம்பரத்தில் காலைப் பூசை. கடைசியாக நயினாதீவு, அம்மன் முன்னால் வேண்டிய நேரம், பிறகு பந்தி. சாரதிக்குச் சம்மதம். ஆச்சி இரண்டு மாற்றுச் சேலை கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஐயா பேரை இன்னும் தரவில்லை; அவருக்கு முன் இருக்கை ஒன்றை விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.