சிறு கீறலும் உயிர்பேணும் கடமையும்

தன் உயிரைப் பேணும் கடமை மனிதனுக்கு எதுவரை உண்டு என்னும் கேள்வியை 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் டொமினிக்கன் சபை இறையியலாளர்கள் விரிவாக ஆராய்ந்தனர். மயக்கமருந்து அறியாத அக்காலத்தில், உறுப்பொன்றை வெட்டியெடுத்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலையிலும், அக்கொடிய வேதனையை ஏற்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்று அவர்கள் கொண்டனர். தவிர்க்கலாகாத சாதாரண வழி, மறுக்கத்தக்க அசாதாரண வழி என்னும் பாகுபாடு கத்தோலிக்க அறவியலில் இவ்வாறே வேரூன்றியது. அப்படியாயின் வேதனை குறையுந்தோறும் கடமை கூடுமா?

வயிற்றுப் பெருந்தமனியின் சுவர் வலுவிழந்து புடைக்கும் அனியூரிசம் என்னும் நோய் இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. 1955 ஏப்ரலில் அப்புடைப்பு வெடித்தபோது ஐன்ஸ்டைன் அறுவையை மறுத்து இறந்தார். வயிற்றைத் திறந்து, தமனியை இடுக்கியால் அடைத்துச் செய்யவேண்டிய அன்றைய அறுவையை எண்ணினால் அம்மறுப்பைக் குறைகூற மனம் வராது. ஆனால் 1990இல் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி என்னும் மருத்துவர், உலோகச் சட்டம் தாங்கிய துணிக்குழாயைக் கவட்டைத் தமனி வழியே மடித்துச் செலுத்திப் புடைப்புக்குள் விரித்தார். குருதி அக்குழாயினுள் ஓடுவதால் நலிந்த சுவர்மீது அழுத்தம் தணிகிறது.

காயம் இவ்வளவு சிறுத்தபின் மறுப்பு குற்றமாகிவிடும் என்று எண்ணுவது பிழை. திறந்த அறுவையைத் தாங்க இயலாத நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஈவார்-2 ஆய்வின் 2010ஆம் ஆண்டு முடிவுகளின்படி, குழாய் பொருத்தப்பட்டோரிடையே புடைப்பால் நேரும் இறப்பு குறைந்ததே தவிர, மொத்த இறப்பு குறையவில்லை. தமனி காக்கப்பட்டும், பிற நோய்கள் அவர்களைக் கொண்டுசென்றன. உடல் வலுவுள்ளோர் நிலை வேறு: ஈவார்-1 ஆய்வில் முதல் 30 நாள் இறப்பு திறந்த அறுவையில் 4.7 விழுக்காடாகவும் இம்முறையில் 1.7 விழுக்காடாகவும் இருந்தது. எனினும் அந்த முன்னிலையும் ஆண்டுகள் செல்லச் செல்ல மறைந்தது.

1980இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையின் தன்மை, இடர், செலவு ஆகியவற்றை எதிர்பார்க்கும் பயனோடும் நோயாளியின் உடல், மன வலிமையோடும் ஒப்பிட்டு எடைபோடச் சொல்வது இங்கு மிகப் பொருந்துகிறது. குழாயின் ஓரத்தில் குருதி கசிகிறதா என்று வாழ்நாள் முழுதும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும், வேண்டுமானால் மீண்டும் சிகிச்சைக்கு உட்படுவதும் அந்த எடையில் சேர்ந்தவையே. ஆகவே 'சின்னத் துளைதானே' என்று தளர்ந்த முதியவரை வற்புறுத்தும் குடும்பத்தார், அவர் சுமக்கவேண்டியதில் மிகச் சிறிய பகுதியை மட்டுமே கணக்கிடுகின்றனர்.