சும்மா ஒரு சுற்று

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் ஒருவரைச் சைக்கிளில் கண்டால் "எங்க போறீங்க?" என்று கேட்பது மரியாதை. சந்தைக்கு, கோயிலுக்கு, மீன்வாடிக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று ஏதோ ஒரு பதில் வரும். கேட்டவரும் தலையாட்டிவிட்டு மறுபடி வலையைப் பொத்தத் தொடங்குவார். "ஒரு இடத்துக்கும் இல்லை, சும்மா ஒரு சுத்து" என்று சொன்னால் அவர் கை நின்றுவிடும். சொன்னது பெண்ணாக இருந்தால் இன்னும் சற்று நேரம் நிற்கும்.

அந்தச் சும்மா சுற்றைத்தான் சில காலமாகத் தாளில் கோடு போட்டுத் திட்டமிட்டு வருகிறேன். பள்ளிமுனையின் பழைய பெருக்கமரத்தடியில் தொடங்கி, மன்னார்ப் பட்டினத்தைத் தொட்டு, தீவின் நடுவால் மேற்கே போய், தெற்குக் கரையால் திரும்பி, மறுபடி பெருக்கமரத்தடிக்கு வர வேண்டும். 25 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. வெயில் ஏறுமுன் வீடு திரும்ப வேண்டும். கியர் இல்லாத சாதாரண லுமாலா சைக்கிளில் உழக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

தலைமன்னார் வரை போய் வந்தால் என்ன என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். போகலாம், நல்ல தெருதான். ஆனால் அது சுற்று அல்ல, நேர்கோடு. இந்தத் தீவின் வரலாறே அந்த நேர்கோட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெருக்கமரத்தை 1477இல் அரபு வணிகர் நட்டதாக அதன் அருகிலுள்ள பலகை சொல்கிறது. ஒட்டகத் தீனிக்காகக் கொண்டுவந்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. போர்த்துக்கேயர் முத்துக்காகவும் துறைமுகத்துக்காகவும் வந்து 1560இல் கோட்டை கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் மன்னாரில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்தே போனார்கள். வழியில் செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு 1914இல் அந்த வழியில் ரயிலும் கப்பலும் வந்தன. எல்லாருக்கும் இது வேறெங்கோ போகும் வழி. இன்றும் ஏ14 வீதியும் தண்டவாளமும் தீவை நீளவாக்கில் கடந்து தலைமன்னாருக்கே ஓடுகின்றன. அந்த நேர்கோட்டை விட்டு விலகித் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவது இங்கே வீடு உள்ளவருக்குத்தான் வரும்.

இதை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. "எங்க போறீங்க?" என்ற கேள்வி எங்கள் தலைமுறைக்கு அயலவர் வாயிலிருந்து மட்டும் வந்ததில்லை. போர்க்காலத்தில் சோதனைச்சாவடியிலும் அதே கேள்விதான். ஏன் போகிறாய், யாரிடம் போகிறாய், எப்போது திரும்புவாய்? மன்னாரை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டியிருந்தது. எங்கள் ஆண்கள் கடலில் இறங்கவும் பாஸ் வேண்டியிருந்தது. காரணம் இல்லாத பயணம் அப்போது சந்தேகத்துக்குரிய பயணம். போர் முடிந்து, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதிப் பாலம் 2010இல் புதிதாகத் திறந்து, 2015இல் ரயிலும் தலைமன்னார் வரை மீண்டு வந்துவிட்டது. ஆனாலும் புறப்படுமுன் ஒரு காரணத்தைத் தேடும் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் சைக்கிளின் முன்கூடையில் ஒரு வெறும் பையையாவது போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவார்கள். யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது.

காரணம் இல்லாமல் போகும் உரிமை சிறிய உரிமை என்று நான் நம்பவில்லை. வேலைக்கும் சாமானுக்கும் போவது உடம்பு பிழைக்க. தன் ஊரைத் தான் பார்ப்பதற்காகவே ஒரு முறை சுற்றி வருவதில்தான் ஊர் நமதாகிறது. 1990இல் விட்டுப்போன வீட்டு நிலம் கைக்குத் திரும்பாமல் வழக்காடிய குடும்பங்கள் பள்ளிமுனையிலேயே இருக்கின்றன. அவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனிப் பாதைக்கு வருகிறேன். தீவு முழுக்க மட்டம். மேடு பள்ளம் பார்த்துத் திட்டமிட ஒன்றுமில்லை. இங்கே ஏற்றம் என்பது காற்றுத்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். தாழ்வுபாட்டுப் பக்கம் முகத்தில் மணல் அறையும். பள்ளிமுனை தீவின் கிழக்கு ஓரத்தில் இருப்பது அந்தக் காலத்தில் நமக்கு வாய்ப்பு. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால், காற்று முழுப் பலம் கொள்ளுமுன் மேற்கே போய்விடலாம். களைத்துத் திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும். வாடைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். போகும்போது காற்று சேர்ந்து வந்து உற்சாகப்படுத்தி, திரும்பும்போது மார்பில் கைவைத்து மறிக்கும். அப்போது பாதி தூரம் போதும்.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை சில. உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் விட்டிருக்க வேண்டும். உடைமுள் டியூபைத் துளைக்காத நாள் குறைவு, ஆகவே ஒட்டுச் சாமானும் பம்பும் கட்டாயம். தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். வழிக் கிணறுகள் பலவும் உவர். விடியுமுன் போனால் விளக்கு வேண்டும், ஏனென்றால் மன்னார்க் கழுதைகள் தாரில் மிஞ்சியிருக்கும் சூட்டுக்கு நடுத்தெருவிலேயே படுத்துக் கிடக்கும். மணி அடித்தால் எழும்பாது. நாம்தான் விலக வேண்டும்.

பட்டினத்தையும் கோட்டையையும் நான் நிற்காமல் கடப்பேன். தெருவில் சந்தைக் கூட்டம் சேருமுன் வெளியேறுவது நல்லது. எழுத்தூர் கடந்து வடக்கே எருக்கலம்பிட்டிக்குத் திரும்புவது இந்தச் சுற்றின் மிக முக்கியமான திருப்பம். நேரே தெற்குக் கரைக்குப் போனால் தூரம் குறையும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியார் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனார்கள். இன்று திரும்பி வந்தவர்கள் உண்டு, இரண்டு ஊரிலும் கால் வைத்து வாழ்பவர்கள் உண்டு. அதே ஆண்டு எங்கள் பக்கத்தார் பலர் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார்கள். ஒரே தீவில் இருந்துகொண்டு ஒருவர் ஊரை ஒருவர் பஸ் யன்னலால் மட்டும் பார்ப்பது சரியில்லை. சைக்கிளில் போகிறவர் ஒழுங்கை முனையில் நின்று ஒரு தேத்தண்ணீர் குடிக்காமல் வர முடியாது. "எந்த ஊர், யாருடைய மகள்?" என்று அங்கே கேட்பார்கள். அதற்கு நேரம் வைத்தால்தான் 25 கிலோமீற்றர் மிதமான தூரமாக இருக்கும். நிற்காமல் ஓடினால் எந்த இளைஞனும் ஒன்றரை மணியில் முடித்துவிடுவான். அந்த வேகத்தில் எனக்கு ஆசையில்லை.

அங்கிருந்து வீதியைக் கடந்து தெற்கே இறங்க வேண்டும். எந்த ஒழுங்கை தார், எது மணல் என்பதை அந்தந்த ஊராரைக் கேட்டுத்தான் போகலாம். மணலில் மெல்லிய டயர் புதைந்துவிடும். தாழ்வுபாட்டுக் கரையில் மேற்கே திரும்பினால் காற்றாலைகள் தெரியும். 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகள் அவை. இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பார்த்தாலே காற்றின் திசை தெரியும். அந்த அளவில் எங்களுக்கு உதவி. ஆனால் 2025இல் மேலும் காற்றாலைகள் வரக்கூடாது, கனிய மணலை அகழக்கூடாது என்று மன்னார் மக்கள் நாட்கணக்காகத் தெருவில் நின்றார்கள். அந்தக் கோரிக்கையின் பக்கமே நானும் நிற்கிறேன். நிலத்தின் மீது உரிமை பேசுகிறவர் அந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். மணல் எங்கே மேடு, மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், எந்த வாடிக்கு எந்தப் பாதை என்பதெல்லாம் வரைபடத்தைவிடக் காலுக்கு நன்றாகத் தெரியும்.

கீரிக் கடற்கரையில் இறங்கி முகம் கழுவிவிட்டு, சோளகம் தள்ளப் பட்டினத்துக்கு வந்துவிடலாம்.

இந்தச் சுற்றை எனக்காக மட்டும் வரையவில்லை. என் மச்சாள் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு பட்டினம் தாண்டிச் சைக்கிள் உழக்கியதில்லை. முழங்கால் நோவும் இருக்கிறது. அவவுக்கும் அவ போன்றவர்களுக்கும் வாடைக்காலச் சிறு பயணம் ஒன்று வைத்திருக்கிறேன். பள்ளிமுனையிலிருந்து கோட்டையடி, அங்கிருந்து தாம்போதியால் தள்ளாடி என்ற இடத்தின் பக்கம் போய், வந்த வழியே திரும்புவது. மார்கழி, தை மாதங்களில் தாம்போதியின் இரு பக்கமும் பூநாரைகள் மேயும். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அந்தப் பக்கம்தான். எதிர்காற்று அதிகமானால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். ஞாயிறு காலைப் பூசை முடிந்து லூசியா கோயில் வாசலில் இருந்து புறப்படுவோம். கூடையில் பை வேண்டாம் என்று அவவிடம் சொல்லியிருக்கிறேன்.