சாயத்தின் கீழே

பூச்சு என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இரு முகங்கள் உண்டு. அழகு செய்வதும் பூச்சே. குற்றத்தை மறைப்பதும் பூச்சே. ஒருவன் பூசி மெழுகுகிறான் என்று சொல்லும்போது நாம் அவனைப் பாராட்டுவதில்லை. ஆயினும் பொங்கலுக்கு வீட்டைப் பூசி மெழுகாத குடும்பத்தையும் நாம் மதித்ததில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லைக்கோடு எது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

ஈப்போவைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும், முன்னாளில் இரப்பர்த் தோட்டங்களாக இருந்து இன்று செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்ட இடங்களிலும், இளைஞர் சிலர் பழைய கப்சாய் மோட்டார்சைக்கிள்களை வீட்டு முற்றத்திலேயே பிரித்துச் சாயமடிப்பதைக் காணலாம். 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்தவை இவை. 2017இல் அவ்வகையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டிற்று. நம் தந்தையர் காலத்தில் மிதிவண்டிக்கு அடுத்த படி அதுவே.

அவ்வேலை அறிந்தோர்க்குத் தெரியும்: தெளிப்பது சிறிது நேரம், ஆயத்தமே நாள் கணக்கில். பழைய சாயத்தைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, இரும்பு பளிச்சிடும்வரை துருவைத் தேய்த்து, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 400 என நயமான தாளுக்குச் சென்று, பிறகே அடிப்பூச்சு. துருவின் மேலேயே அடித்துவிட்டால் என்ன? அடித்த அன்று வேறுபாடே தெரியாது. ஆனால் சாயப்படலம் ஈரத்தையும் காற்றையும் முற்றாகத் தடுப்பதில்லை. துருவோ தான் தின்ற இரும்பைவிட மிகுந்த இடங்கொள்வது. உள்ளே வளர்ந்து சாயத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். பேராக்கின் ஈரக்காற்றில் அதற்கு நெடுநாள் வேண்டுவதில்லை. மழை வரும் வேளையில் தெளித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து சாயம் வெளுத்து மங்குவதும் உண்டு. அது தெளித்தவன் கண்முன்னே தெரிகின்ற குற்றம். ஆகவே அறநூலார் அதைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை.

பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் ஒன்றைப் பற்றிய கதையைக் கிளாக்கன் வாயிலாகக் கூறுகிறார். அது கிடைத்த பின்னும் ஒருவன் நேர்மையாளனாக இருப்பானா என்பது அங்கு எழும் கேள்வி. மாணாக்கர் இதனை வெறுங்கதை என்று நகைக்க வேண்டா. ஒரு குப்பிச் சாயம் அம்மோதிரத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

நம் தோட்டத்து மக்கள் இக்கேள்வியை வேறு வடிவில் அறிந்திருந்தனர். பால்மரம் சீவுவோர் பட்டையைச் சீவலாமேயன்றி, அதனடியிலுள்ள வளர்படலத்தைத் தொடலாகாது. கத்தி ஆழ்ந்தால் அன்று பால் குறைவதில்லை. சற்று மிகுதியாகவும் வரலாம். ஆனால் காயம்பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அப்பட்டையைச் சீவ வருகிறவர் வேறொருவராக இருக்கக்கூடும். காயங்களைச் சோதித்து எண்ணும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது உண்மையே. எனினும், எவரும் பார்க்க வாராத மரத்திலும் கத்தியை அளவோடு நிறுத்தியவர்களை அச்சம் ஒன்றே நிறுத்தியது என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

நிற்க. தன் வண்டியைத் தானே ஓட்டுபவன் துருவின் மேல் சாயமடித்தால் அது சோம்பல், அவ்வளவே. விற்கும்போது நிலை மாறுகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்பில் துரு அரித்த ஓட்டையைப் பட்டியால் அடைத்து, மேலே சாயமடித்து விற்றால், அதை வாங்குபவன் விடியுமுன் தொழிற்சாலைக்குப் புறப்படும் தொழிலாளியாக இருக்கலாம். இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும் என்பார் உளர். பார்க்கவொண்ணாதபடி செய்துவிட்டுப் பார்க்கச் சொல்வது என்ன நியாயம்?

வேறொரு மறைவும் உண்டு. கடினமாக்கி கலந்து அடிக்கும் இருகூட்டுச் சாயங்கள் பலவற்றில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கிறது. அதன் நுண்துளிகள் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லன. சாதாரணத் துணிக்கவசம் அவற்றைத் தடுக்காது. பழைய சாயத்தில் ஈயமும் இருக்கலாம்; உலரத் தேய்த்தால் தூசியாய்ப் பறக்கும். வரிசை வீடுகளில் சுவருக்கு அப்பால் தொட்டிலில் ஒரு குழந்தை உறங்கக்கூடும். துருவை முற்றும் நீக்கியவன், வாங்குபவனிடம் ஒளிக்காது பேசுபவன், அவனும் அக்குழந்தையை எண்ணாது போகலாம். விலை கொடுத்தவருக்கு மட்டுமே நேர்மை கடன்பட்டது என்று நாம் எண்ணிப் பழகியதால் வரும் குறை இது.

நீர் தொட்டுத் தேய்ப்பதற்கு நேரம் கூடும். இருகூட்டுச் சாயத்தைத் தக்க காற்றோட்டமும் கவசமும் உள்ள பட்டறையில் கொடுத்து அடிப்பதற்குப் பணம் கூடும். அச்செலவை விலையில் சேர்த்து, காரணத்தையும் வாங்க வருபவரிடம் சொல்லிவிடலாம். அவர் பேரம் பேசத்தான் செய்வார்.