மரபு யாருடைய அமானிதம்?

முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது எது? அவர்கள் எழுப்பிய சுவர்களா, அச்சுவர்களுக்குள் அவர்கள் வாழ்ந்த வாழ்வா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பினாங்குத் தீவை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

1786 இல் பிரான்சிஸ் லைட் அங்கே ஆங்கிலக் கொடியை ஏற்றிய பின், மலாய்க்காரர், அச்சே நாட்டார், சீனர், அரபியர் எனப் பலரும் ஜார்ஜ் டவுனில் வந்து கூடினர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களும் அவருள் இருந்தனர். சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர்களின் தலைவரான காதர் முகைதீன், கும்பெனியார் அளித்த நிலத்தில் 1801 இல் தொடங்கியதே கப்பித்தான் பள்ளிவாசல். அப்பள்ளிவாசல் நிற்கும் தெருவை ஒட்டியே 1818 இல் எழுந்த கிறித்தவ ஆலயம், சீனரின் கருணைத் தேவி ஆலயம், மகா மாரியம்மன் கோயில் ஆகியனவும் உள்ளன. சில நிமிட நடையில் நான்கு வழிபாட்டிடங்கள்! காண்போர் அதனை நல்லிணக்கத்தின் தெரு என்று வியக்கின்றனர்.

வியப்பு தக்கதே. ஆயினும் அருகருகே இருத்தல் ஒன்றே இணக்கம் ஆகிவிடுமா? 1867 ஆகஸ்டில் இதே நகரில் பல நாள் கலகம் நிகழ்ந்தது. மோதிக்கொண்டவை இரு சீன இரகசியச் சங்கங்கள். அவற்றுள் ஒன்றனோடு வெள்ளைக் கொடிக் கூட்டத்தாரும், மற்றதனோடு சிவப்புக் கொடிக் கூட்டத்தாரும் சேர்ந்துகொண்டனர். இவ்விரு கொடியாரிலும் முஸ்லிம்கள் இருந்தனர். ஆக, அன்று மக்களைப் பிரித்தது மார்க்கமும் அன்று, இனமும் அன்று. அண்மையில் வாழ்வதால் மட்டும் அன்பு விளைவதில்லை. வேற்றுமையால் மட்டும் பகையும் விளைவதில்லை. இரண்டும் மனிதர் நடத்தையால் விளைபவையே.

அவ்வாறாயின், மரபைக் காப்பது என்பது அந்நடத்தையைக் காப்பதன்றோ? இங்கேதான் சிக்கல் எழுகிறது. பழைய கடைவீடுகளின் வாடகையை 1966 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1997 இல் அது நீக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு பிறந்தபோது அதன் காப்பு முற்றும் அகன்றது. வாடகை உயர்ந்தது; தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களும் சிறு தொழிலாளரும் நகரைவிட்டு வெளியேறினர். 2008 இல் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, அவ்வீடுகள் பல நின்றன. அவற்றுள் வாழ்ந்தோர் பலர் இல்லை.

வீட்டுக்காரரை மட்டும் பழித்தல் நீதியாகாது. பல்லாண்டு உயராத வாடகையைக் கொண்டு ஒழுகும் கூரையை அவர் எங்ஙனம் செப்பனிடுவார்? அவர் உரிமையும் உரிமையே. குடியிருந்தோர் கண்ணீரும் உண்மையே. தனியுடைமை என்னும் ஒரே அளவுகோலால் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது.

பிறிதோர் அளவுகோல் அந்நகரிலேயே உண்டு. அதுவே வக்பு. வக்பு செய்த பொருளை விற்க இயலாது. அதன் பயன் குறித்த நோக்கத்திற்கே சேரவேண்டும். அதனைக் காப்பவர் உடையவர் அல்லர், அமானிதம் ஏற்றவர். ஆயினும் பெயரளவில் வக்பாக இருப்பது போதாது. பொறுப்பேற்றோர் சிலரின் சீர்கேட்டால் அறநிலையங்கள் நலிந்தமையாலேயே, அவற்றை மேற்பார்க்க 1905 இல் அரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. அச்சட்டம் முஸ்லிம், இந்து அறநிலையங்கள் இரண்டையும் ஒருங்கே தழுவியது. அமானிதத்தைப் பேணுவதிலும் பிழைப்பதிலும் எல்லாச் சமயத்தாரும் ஒரே நிலையினரே போலும்!

காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து விற்ற எளியோர் தந்ததே 'நாசி கண்டார்' என்னும் உணவு. இன்று அதனை எல்லா இனத்தாரும் வரிசையில் நின்று உண்கின்றனர். அதற்குக் கல்வெட்டு இல்லை; சமைக்கும் கையும் பகிரும் மனமும் இருக்கும்வரை அது வாழும்.

எனவே, நம் ஊர்ப் பள்ளிவாசலுக்கோ பழந்தெருவுக்கோ வண்ணம் தீட்டும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: இதன் நிழலில் வாழ்ந்த ஏழைக்கு நாளையும் இங்கே இடமுண்டா? 'உண்டு' என்று விடை கூற முடியுமாயின், நாம் மரபைக் காத்தவராவோம். இல்லையேல் காத்தது கட்டடத்தை மட்டுமே.