சொல்லாமல் விட்ட குறை

பொய் சொல்வது தவறு என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், எவரும் கேட்காத உண்மையைச் சொல்லாமல் இருப்பது தவறாகுமா? இவ்வினா நூல்களின் வழியாக என்னிடம் வரவில்லை. கோவிலம்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் நின்ற ஒரு பழைய வண்டியின் வழியாக வந்தது.

அது 15 ஆண்டுகள் உழைத்த பெரிய ஜீப் வகை வண்டி. அதன் பின்புறத்தைத் தாங்குவன இரும்புச் சுருள்கள் அல்ல. காற்றடைத்த இரண்டு ரப்பர் பைகள். பாரம் கூடினால் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி வண்டியை உயர்த்தும். குறைந்தால் வால்வு காற்றை வெளியேற்றும். காலப்போக்கில் ரப்பரின் மடிப்புகளில் வெடிப்பு விழுவது இயல்பு. என் வண்டி இரவெல்லாம் மெல்லத் தாழ்ந்து, விடியலில் பின்னங்கால் மடக்கிய மாடு போல் கிடந்தது. எஞ்சினை முடுக்கிய சில நிமிடங்களில், ஒன்றும் நடவாதது போல் எழுந்து நின்றது.

மேடவாக்கம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சோப்பு நீரைப் பைகளின்மேல் தடவினார். இடப்பக்கப் பையின் மடிப்பில் குமிழ்கள் வரிசையாக முளைத்தன. "கம்ப்ரஸர் ஓயாம ஓடுது சார். இப்படியே விட்டா அதுவும் சூடாகி எரிஞ்சுடும். பை மாத்தணும், இல்லாட்டி ஸ்பிரிங் போட்டுடலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விக்கிறதா இருந்தா, ஆள் வர்றதுக்கு அரை மணிக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வச்சிடுங்க. தெரியவே தெரியாது" என்றார்.

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகவே வண்டியை விற்க முனைந்திருந்தேன். அவர் சொன்ன வழி இனித்தது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்று 17-ஆம் பிரிவில் கூறுகிறது. அதற்கு எடுத்துக்காட்டு ஒரு குதிரை. குறையுள்ளது என்று அறிந்தே அதை ஏலத்தில் விற்பவன் வாய் திறக்காவிட்டால், அது மோசடியன்று. ஆனால், வாங்குபவள் அப்போதுதான் உரிய வயதடைந்த அவன் மகள் எனில், குறையைச் சொல்வது அவன் கடமையாகிவிடும். இந்த வரி என்னைச் சுட்டது. மகளிடம் மறைக்கக் கூடாததை, மகளின் பொருட்டே அயலானிடம் மறைக்க எண்ணினேன் அல்லவா!

13-ஆம் நூற்றாண்டில் இதே வினாவை ஆராய்ந்த புனித தாமஸ் அக்குவினாசும் ஒரு குதிரையைத்தான் சான்று காட்டினார். ஒற்றைக்கண் குதிரையின் குறை எவருக்கும் தெரியும். தக்கபடி விலையைக் குறைத்திருந்தால், விற்பவன் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையை மட்டும் சொல்லியே ஆகவேண்டும் என்றார். சட்டம் தண்டிக்கத் தக்கதை வரையறுக்கிறது. மனச்சான்று செய்யத் தக்கதைக் கேட்கிறது.

"வாங்குபவனுக்குக் கண் இல்லையா? அவன் சோதித்துக்கொள்ளட்டும்" என்பார் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும், முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டால், அவன் கண் காணவேண்டியதை நானே மறைத்தவனாவேன். அது மௌனமன்று; வாயால் சொல்லாமல் கையால் சொன்ன பொய்.

ஆகவே, வண்டி கிடந்தபடியே கிடக்கட்டும் என விட்டுவிட்டேன். பார்க்க வந்த முதல் மனிதர் தாழ்ந்திருந்த பின்புறத்தைக் கண்டு காரணம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. மூன்றாவதாக வந்தவர், பழுதின் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கிச் சென்றார். கட்டணத்தில் விழுந்த துண்டுக்கு என் தம்பியிடம் கடன் பெற்றேன். உண்மை எனக்கு ஊதியம் தந்தது என்று எழுத இயலவில்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. கசிவு சிறிதுதான், அதை வெளியே தெரியாமல் தாங்கிப் பிடிக்க ஓயாது ஓடியதால்தான் கம்ப்ரஸர் எரியும் நிலைக்கு வந்தது. மறைத்த குறையோடு வாழும் மனிதனின் நிலையும் அதுவே. வண்டியை ஓட்டிச் சென்றவரை இன்றும் அச்சாலையில் எதிர்ப்படுகிறேன். அவர் கையசைக்கிறார், நானும் தயக்கமின்றிக் கையசைக்கிறேன்.