பெரிய உடையாரும் குறிஞ்சி மலரும்

ஸ்ரீமதே ராமானுஜாய நம:

அரியது என்பதனாலேயே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடுமா? நீலகிரியில் வாழும் இரண்டு உயிர்களை ஒப்புநோக்கின் இவ்வினாவுக்கு விடை தெளியும். ஒன்று, மலைமேற் புல்வெளிகளில் பூக்கும் நீலக்குறிஞ்சி. மற்றொன்று, அம்மலையின் வடபால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டும் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு.

குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை தந்து மடியும். 2006இல் பூத்தது, 2018இல் மீண்டும் பூத்தது. அதன் அருமை எம்பெருமான் அதற்கு வகுத்த இயல்பு. அதன் இடத்தை அழிக்காமல் நாம் காத்திருந்தால் போதும்.

பாறின் அருமை அத்தகையதன்று. ஒருகாலத்தில் நாடெங்கும் திரண்டிருந்த வெண்முதுகுப் பாறு, 1992 முதல் 2007 வரையான 15 ஆண்டுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. வலியால் வருந்தும் மாட்டுக்கு இரங்கி மனிதர் செலுத்திய டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனை உண்ட பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. குறிஞ்சி பூத்த அதே 2006இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது தடை செய்யப்பெற்றது. நம் கருங்குழிக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் அமுது பெற வந்த மஞ்சள்முகப் பாறுகளும் இப்போது வருவதில்லை.

மலரைத் திருவடிக்கு உரியது என்று கொண்டாடும் நாம், பிணம் உண்ணும் பறவையை அமங்கலம் என்று ஒதுக்குகிறோம். பெருமாள் திருவுள்ளமோ வேறு. பிராட்டிக்காக இராவணனோடு பொருது வீழ்ந்த ஜடாயுவுக்குத் தந்தைக்குச் செய்வதுபோல் ஈமக்கடன் செய்தருளினார். நம் பூர்வாசாரியர்கள் அவரைப் ‘பெரிய உடையார்’ என்றே போற்றினர். காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் அச்சரிதத்துக்குச் சான்றாக இன்றும் ஸேவை ஸாதிக்கிறார்.

‘அனைத்தும் அவன் ஸங்கல்பமாயின், பறவை அழிவதற்கு நாம் என் செய்வது?’ என்று கேட்கலாம். உலகனைத்தும் அவன் உடைமை என்பது மெய்யே. ஆதலின் அவ்வுடைமையைக் குறைக்க அடியவனுக்கு உரிமையில்லை. தீங்கு செய்யும் எண்ணம் மருந்திட்ட எவருக்கும் இருந்ததில்லை. ஆயினும் விளைவு நின்றது. ஓருயிரிடம் காட்டும் இரக்கம் மற்றோருயிரை என் செய்யும் என்று ஆராய்வதும் தயையின் பகுதியே. மாட்டின் வலி தீர்க்கப் பாறுக்குத் தீங்கிழைக்காத மெலாக்ஸிகாம் என்னும் மருந்து உண்டு. அதனைக் கேட்டு வாங்குதல் மாடு வளர்க்கும் ஒவ்வோர் இல்லத்தாருக்கும் இயலும்.

இயல்பால் அரியதைக் கண்டு வியப்போம். நம்மால் அரிதானதை மீட்கப் பாடுபடுவோம். அதுவும் பெருமாள் உகக்கும் கைங்கரியமே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.